கூடம் கோணல்தான்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியை ஆளுக்கு நூறு தடவையாவது கேட்டிருப்போம். ஆனால் ஒருத்தர்கூட ஒரு ரசமட்டத்தை எடுத்துப்போய் அந்தக் கூடத்தில் வைத்துப் பார்த்ததாகத் தகவல் இல்லை. அவள் சொன்னது உண்மையா பொய்யா என்று சோதிக்காமலேயே தீர்ப்பு எழுதி, அதைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கட்டுரை ஒரு கூடத்துக்கு ரசமட்டம் வைக்கும் வேலை. கூடத்தின் பெயர் துப்பாக்கி சுடுதல். இன்னும் குறிப்பாக, 50 மீட்டர் ரைஃபிள். அதில் பயிற்சி எடுக்கும் இந்திய இளைஞர்களின் கைக்கு வரும் மலிவான இறக்குமதித் தோட்டாவின் தரம் என்ன, நல்ல தோட்டா யாருடைய கைக்குப் போகிறது என்பதுதான் விஷயம். "அய்யோ, துப்பாக்கியா" என்று அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட வேண்டாம். "திறமை இருந்தா எப்படியும் மேல வந்துடுவான்" என்று ஒரு வசனம் இருக்கிறதே, எல்லாத் துறையிலும் உலாவுகிற வசனம், அதை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. இசையிலோ இலக்கியத்திலோ திறமையை மில்லிமீட்டரில் அளக்க முடியாது. இங்கே முடியும். அளந்து பார்த்தால் அந்த வசனம் தோற்றுப்போகிறது.

*

முதலில் தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்ப்போம். 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பயன்படுவது .22 லாங் ரைஃபிள் என்கிற சின்னத் தோட்டா. பேச்சுவழக்கில் பாயின்ட் டூ டூ. சுண்டுவிரலின் பாதி நீளம். நுனியில் இருக்கும் ஈயக் குண்டின் எடை 2.6 கிராம், விட்டம் 5.6 மில்லிமீட்டர். பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும், ஆளைக் கொல்லும். அந்தச் சங்கதிக்குப் பிறகு வருகிறேன்.

இந்தத் தோட்டாவுக்கு ஒரு விசேஷம் உண்டு. பெரிய ரைஃபிள் தோட்டாக்களில் பற்றவைக்கும் மருந்து, அடிப்பாகத்தின் நடுவில் தனிச் சிமிழாக இருக்கும். சுட்டு முடித்த கேஸில் புதுச் சிமிழ் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டு வைத்து மறுபடி தயாரிக்கலாம். பல நாடுகளில் போட்டியாளர்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள். .22-இல் அது நடக்காது. பற்றவைக்கும் மருந்து, கேஸின் விளிம்பு மடிப்புக்குள் சுழற்றிப் பரப்பப்பட்டிருக்கும். ஊசி ஒருமுறை அடித்தால் விளிம்பு நசுங்கிவிடும், அதோடு அந்தக் கேஸின் ஆயுள் முடிந்தது. அதாவது, .22 சுடுபவர் தன் தோட்டாவின் தரத்தைத் தானாக ஒரு துளிகூட உயர்த்த முடியாது. தொழிற்சாலை என்ன கொடுக்கிறதோ அதுதான்.

அந்தத் தொழிற்சாலைகள் நம் ஊரில் இல்லை. சர்வதேசப் போட்டிகளில் பேசப்படும் பெயர்கள் மூன்று நான்குதான்: 1828-இல் தொடங்கிய இங்கிலாந்தின் ஈலி, பின்லாந்து நிறுவனமான லாபுவா, ஜெர்மனியின் எஸ்.கே., ஆர்.டபிள்யூ.எஸ். லாபுவாவின் .22-உம் எஸ்.கே.வின் .22-உம் ஜெர்மனியின் ஷோனபெக் என்கிற ஊரில் தயாராகின்றன. நம் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளும் .22 தோட்டா செய்திருக்கின்றன, என்.சி.சி. முகாமில் சுட்ட அனுபவம் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் தேசிய அளவில் போட்டி போட நினைப்பவருக்கு வெளிநாட்டுச் சரக்குதான் கதி.

அந்த வெளிநாட்டுச் சரக்கிலும் சாதிப் படிநிலை மாதிரி ஒன்று இருக்கிறது. ஒரே நிறுவனம், ஒரே அளவுத் தோட்டா, ஆனால் நாலைந்து தரங்கள். தயாராகி வரும் தோட்டாக்களைத் தொகுதி தொகுதியாகச் சுட்டுச் சோதித்து, சிறந்து விளங்கும் தொகுதியை உச்சப் பெயரிலும் அடுத்ததை அடுத்த பெயரிலும் பெட்டி போடுகிறார்கள். தொகுதிக்கு லாட் என்று பெயர். உச்சத்துக்கும் அடித்தட்டுக்கும் விலையில் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு துப்பாக்கிக் குழலுக்குப் பிடித்த லாட் இன்னொரு குழலுக்குப் பிடிக்காது. ஏன் என்று யாராலும் முழுதாக முன்கூட்டிச் சொல்ல முடியாது. சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் பெரிய வீரர்கள் தங்கள் துப்பாக்கியோடு அந்த நிறுவனங்களின் சோதனைக்கூடத்துக்கே போய், இரும்புப் பிடியில் குழலைப் பொருத்தி, பல லாட்டுகளைச் சுட்டுப் பார்த்து, பொருந்துகிற லாட்டை மொத்தமாக வாங்கி வருகிறார்கள்.

மலிவு விலைத் தோட்டா வாங்குகிற பையன் என்ன செய்வான்? கடையில் என்ன இருக்கிறதோ அதை வாங்குவான். அடுத்த மாதம் போனால் வேறு லாட் இருக்கும். அதையும் வாங்குவான்.

*

"சரிப்பா, தோட்டா கொஞ்சம் சுமாரா இருந்தா என்ன குடி முழுகிப்போச்சு?" இது நியாயமான கேள்வி. பதில் பள்ளிக்கூட இயற்பியலில் இருக்கிறது.

போட்டித் தோட்டாவின் குண்டு குழலை விட்டு வெளியேறும் வேகம் நொடிக்கு சுமார் 320 மீட்டர். வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். ஒலியைவிட வேகமாகக் கிளம்பிப் பாதி வழியில் அதற்குக் கீழே இறங்கினால் அந்த இடத்தில் குண்டு தள்ளாடும். 50 மீட்டர் தூரத்தைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 0.16 நொடி ஆகும். அந்த 0.16 நொடியும் புவியீர்ப்பு சும்மா இருக்காது. குண்டு சுமார் 12.5 சென்டிமீட்டர் கீழே இறங்கும். இதில் பிரச்சினை இல்லை, குறிபார்க்கும் கருவியை அதற்கேற்ப ஒருமுறை சரிசெய்துவிட்டால் போதும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு இறங்க வேண்டும். அதுதான் நிபந்தனை.

இப்போது ஒரு தோட்டா நொடிக்கு 10 மீட்டர் மெதுவாகக் கிளம்பியது என்று வையுங்கள். மலிவுச் சரக்கில் இது ஒன்றும் அதிசயமில்லை. வேகம் 3 சதவீதம் குறைந்தால் பயண நேரம் 3 சதவீதம் கூடும். இறக்கம் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 6 சதவீதம் கூடும். 12.5 சென்டிமீட்டரில் 6 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர்.

50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர். ஆக, நட்டநடுவில் 10.9 ஆக விழ வேண்டிய குண்டு பத்தின் ஓரக் கோட்டை உரசிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் கீழே விழ வேண்டியிருந்தது ஒன்பதாகிவிடும். சுட்டவரின் மூச்சும் விரலும் கண்ணும் அச்சு அசலாக அதே மாதிரி இருந்தும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியின் தகுதிச் சுற்றில் எடுத்தது 590. மொத்தம் 60 குண்டுகள், 600 புள்ளிகள். அதில் 590 எடுத்தவர் ஏழாவது இடம். பத்துப் புள்ளி மட்டும் இழந்து ஏழாவதாக வரும் விளையாட்டில், ஒரு தோட்டா உங்களிடமிருந்து ஒரு புள்ளியைக் களவாட 3 சதவீதச் சோம்பல் போதும்.

கூடம் கோணலா இல்லையா? ரசமட்டத்தின் குமிழி ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது.

*

ஆனால் புள்ளியை இழப்பதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. என் கோபம் முக்கியமாக அதன் மேல்தான்.

துப்பாக்கி சுடுதலில் நல்ல பயிற்சியாளர்கள் ஒரு பழக்கத்தைச் சொல்லித்தருவார்கள். சுட்ட உடனே திரையைப் பார்க்காதே. குண்டு எங்கே போயிருக்கும் என்று முதலில் நீயே சொல். "ரெண்டு மணி திசையில ஒன்பதரை" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்க வேண்டும். கால் பண்ணுவது என்பார்கள். விசை விழுந்த கணத்தில் குறிக்கண்ணில் என்ன தெரிந்தது, தோள் என்ன செய்தது என்று உடம்பு தன்னைத்தானே படிக்கக் கற்கிற வழி அது. சொன்னதும் நடந்ததும் பொருந்தினால் உங்கள் கவனிப்பு சரி. பொருந்தாவிட்டால் நீங்கள் கவனிக்கத் தவறிய ஏதோ ஒன்று இருக்கிறது, தேடு.

இந்தக் கல்வி முழுக்க ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: தோட்டா பொய் சொல்லாது. அது பொய் சொல்லத் தொடங்கினால் என்ன ஆகும்? நீங்கள் சரியாகச் சுட்டீர்கள், திரை ஒன்பது என்கிறது. நீங்கள் விசையைச் சற்றே இழுத்துவிட்டீர்கள், திரை பத்து என்கிறது. நூறு தடவை இப்படி நடந்தால் உடம்பு கற்றுக்கொள்ளும் பாடம் என்ன? தன் உணர்வை நம்பாதே என்பதுதான்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் வேலையில் இதற்கு ஒரு உறவுக்காரன் உண்டு. கோடில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமலே ஒருமுறை பாஸ், ஒருமுறை ஃபெயில் என்று காட்டும் டெஸ்ட். அப்படி ஒன்று இருந்தால் ஒரே வாரத்தில் மொத்தக் குழுவும் என்ன செய்யும் தெரியுமா? சிவப்பு எரிந்தாலும் "அது அப்படித்தான், ரீரன் பண்ணு" என்று போய்விடுவார்கள். அதற்குப் பிறகு உண்மையான பிழை வந்து சிவப்பு எரியும்போதும் ரீரன்தான். கருவி ஒருமுறை நம்பகம் இழந்தால் எச்சரிக்கைக்கும் இரைச்சலுக்கும் வித்தியாசம் போய்விடுகிறது.

மோசமான தோட்டாவோடு மூன்று வருடம் பயிற்சி எடுத்த பிள்ளையிடம் புள்ளி மட்டும் குறைவாக இருப்பதில்லை. தன் தவறு எது, தோட்டாவின் தவறு எது என்று பிரிக்கும் வாய்ப்பே அந்தப் பிள்ளைக்குக் கிடைத்ததில்லை. பயிற்சியாளர் "கான்சன்ட்ரேஷன் போதல" என்பார். வீட்டில் "மனசு அங்க இல்ல" என்பார்கள். பிள்ளையும் நம்பும்.

*

இங்கே ஒரு வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். "கத்துக்குட்டிக்கு எதுக்கு உசத்தித் தோட்டா? அவன் கையே நடுங்குது" என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். பாதி உண்மை. கணக்குப் போட்டே பார்க்கலாம்.

சுடுபவரின் சிதறலும் தோட்டாவின் சிதறலும் ஒன்றையொன்று சாராதவை. இப்படிப்பட்ட இரண்டு சிதறல்கள் நேரடியாகக் கூடாது. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கணக்குக்காக, மலிவுத் தோட்டாவின் சிதறல் 15 மில்லிமீட்டர், நல்ல தோட்டாவுக்கு 6 என்று வைத்துக்கொள்வோம்.

கத்துக்குட்டியின் சிதறல் 30. மலிவுத் தோட்டாவோடு சேர்ந்தால் 34-க்குச் சற்றுக் கீழே. அவன் பயிற்சி செய்து 30-ஐ 20 ஆக்கினால், இலக்கில் 34 என்பது 25 ஆகும். முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆக, அவனுக்கு மலிவுத் தோட்டா போதும். ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது நடுப்படியில் நிற்பவளைப் பாருங்கள். அவளுடைய சிதறல் 12. மலிவுத் தோட்டாவோடு சேர்ந்து 19. அவள் ஒரு வருடம் ரத்தம் சுண்ட உழைத்து 12-ஐ 8 ஆக்குகிறாள். மூன்றில் ஒரு பங்கு முன்னேற்றம், சாதாரணமில்லை. இலக்கில் என்ன தெரியும்? 19 என்பது 17 ஆகியிருக்கும். அவ்வளவுதான். அதே பெண்ணிடம் நல்ல தோட்டா இருந்திருந்தால் 13-க்குச் சற்று மேலே இருந்தது 10-க்கு வந்திருக்கும்.

ஒரு வருட உழைப்பு. ஒருத்திக்கு அது கண்ணெதிரே தெரிகிறது. இன்னொருத்திக்கு இரைச்சலில் கரைந்துபோகிறது. அடுத்த வருடமும் தொடரப் போவது யார் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

நல்ல தோட்டா அதிகம் தேவைப்படுவது தொடக்கத்தில் இல்லை, நடுப்படியில். உச்சிக்குப் போனவருக்கும் அது தேவைதான், ஆனால் அவருக்கு எப்படியும் கிடைத்துவிடும். நம் அமைப்பு எங்கே தருகிறது என்று அடுத்துப் பார்ப்போம்.

*

இந்தியாவில் தோட்டா வைத்திருப்பதை 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. சுதந்திரமாகப் போய் இறக்குமதி செய்ய முடியாது. ரைஃபிள் மன்றங்களுக்கும், 'ரினவுன்ட் ஷாட்' என்று வகைப்படுத்தப்பட்ட வீரர்களுக்கும் விளையாட்டுத் துறையின் பரிந்துரையோடு அந்தக் கதவு திறக்கும். ரினவுன்ட் ஷாட் என்றால் பெயர்பெற்ற சுடுநர். அந்தப் பெயரைப் பெற தேசியப் போட்டியில் கலந்துகொண்டு, நிர்ணயித்த குறைந்தபட்சப் புள்ளியை எடுத்திருக்க வேண்டும்.

இதை இன்னொரு முறை மெதுவாகப் படியுங்கள். நல்ல தோட்டாவைத் தன் பெயரில் வரவழைக்க நல்ல புள்ளி வேண்டும். நல்ல புள்ளிக்கு நல்ல தோட்டா வேண்டும். நீச்சல் தெரிந்தால்தான் தண்ணீரில் இறங்கவிடுவேன் என்கிற தாத்தாவின் தர்க்கம். நடுப்படியில் நிற்பவளுக்கு மன்றம் வரவழைத்துக் கொடுப்பது எதுவோ அதுதான்; அது எந்தத் தரம், எந்த லாட் என்பது அவள் கையில் இல்லை.

அளவுக்கும் ஒரு கதை உண்டு. 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. சுடும் வீரர்கள் ஆண்டொன்றுக்குப் பயிற்சிக்காக வாங்கக்கூடிய .22 தோட்டாக்களின் வரம்பை 1,000-இலிருந்து 5,000 ஆக உயர்த்தியது. நல்ல முடிவு, பாராட்டுவோம். ஆனால் அதற்கு முன்பிருந்த எண்ணை யோசித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 100 குண்டு என்று வைத்தால் 1,000 தோட்டா பத்து நாளில் தீர்ந்துவிடும். மிச்சம் 355 நாள்? புதிய வரம்பில் 50 நாள் சுடலாம். அதுவும் 5,000 தோட்டாவையும் வாங்கக் காசு இருந்தால். பொருந்துகிற லாட் கண்ணில் பட்டால் அந்த லாட்டையே மொத்தமாக வாங்கிப் பூட்டிவைக்க வேண்டும், இல்லையென்றால் போய்விடும். மாதாமாதம் ரெண்டு பெட்டி வாங்குகிற குடும்பத்தால் அது எப்படி முடியும்?

இதன் தடம் நம் ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் தெரிகிறது என்பது என் வாதம். துப்பாக்கி சுடுதலில் இந்தியா இதுவரை வென்ற ஒலிம்பிக் பதக்கங்கள் ஏழு. அதில் நான்கு 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில்: 2008-இல் அபினவ் பிந்த்ரா, 2012-இல் ககன் நரங், 2024-இல் மனு பாக்கர், பிறகு மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் இணையாக. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனின் பெயர் நமக்குத் தெரியும். அவருடையதும் காற்று ரைஃபிள்தான். காற்றுத் துப்பாக்கிக்குத் தேவை பெல்லட். வெடிமருந்து கிடையாது, விலை மலிவு. 4.5 மில்லிமீட்டர் விட்டமும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்று ரைஃபிளுக்கு உரிமமே தேவையில்லை.

மிச்சம் மூன்று பதக்கம் வெடிமருந்துத் துப்பாக்கியில். 2004-இல் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர், ராணுவம். 2012-இல் விஜய் குமார், ராணுவம். 2024-இல் ஸ்வப்னில் குசாலே, ரயில்வே. மூவருமே அரசுச் சம்பளத்தில், ஒரு நிறுவனத்தின் முதுகுபலத்தோடு நின்றவர்கள். ஏழு பதக்கத்தை வைத்துப் புள்ளியியல் பேச முடியாது, தெரியும். ஆனாலும் கேட்கிறேன்: தோட்டாவுக்குத் தானே காசு கொடுத்து, தானே லாட் தேடி, நடுப்படியைத் தாண்டி வந்த ஒரு சாதாரண வீட்டுப் பிள்ளை இந்தப் பட்டியலில் எங்கே?

குசாலேயின் அப்பா கடன் வாங்கித் தோட்டா வாங்கிக் கொடுத்ததாக அந்தப் பதக்கத்துக்குப் பிறகு செய்திகள் வந்தன. அதை எல்லோரும் நெகிழ்ந்து நெகிழ்ந்து பகிர்ந்தார்கள். எனக்கு அந்த நெகிழ்ச்சி புரியவே இல்லை. ஒரு மாணவன் பயிற்சி செய்ய அப்பா கடன்படுகிறார் என்பது நாடு வெட்கப்பட வேண்டிய செய்தி. நாம் அதை ஊக்கமூட்டும் கதையாக்கி, பின்னணி இசை போட்டு ரீல்ஸ் விடுகிறோம். கடன் வாங்கியும் பதக்கம் வராத அப்பாக்களுக்கு எந்த இசையும் கிடையாது.

*

எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

"இது பணக்காரங்க விளையாட்டு. சோத்துக்கே வழியில்லாத நாட்டுல இதுக்கு ஏன் அரசு செலவு பண்ணணும்?" பணக்காரர் விளையாட்டு என்று எதுவும் இயற்கையில் விளைவதில்லை. நல்ல தோட்டாவைப் பணமும் பரிந்துரையும் இருப்பவர் கைக்கு மட்டும் போகும்படி வைத்துவிட்டு, பிறகு சுற்றிப் பார்த்து "பாரு, எல்லாம் பணக்காரங்களா இருக்காங்க" என்று சொல்வது காரணத்தையும் விளைவையும் தலைகீழாகப் பிடிப்பது. தவிர, நான் கேட்பதில் பெரும்பகுதிக்குச் செலவே அதிகமில்லை.

"காலித் துப்பாக்கிலயே பழகலாமே, விசை இழுக்கிறதுக்குத் தோட்டா எதுக்கு?" பழகலாம், உலகத்தரமான வீரர்கள் எல்லோரும் பழகுகிறார்கள். நிற்பது, மூச்சு, விசை எல்லாம் அதில் வரும். ஆனால் குண்டு கிளம்பும்போது துப்பாக்கி துள்ளுவதை உடம்பு எப்படி வாங்கிக்கொள்கிறது, காற்று குண்டை எங்கே தள்ளுகிறது என்பதெல்லாம் சுட்டால்தான் தெரியும். தண்ணியில்லாமல் எவ்வளவு நாள்தான் கையை வீசிக்கொண்டிருப்பது?

"சுதேசித் தோட்டா செய்யலாமே?" தாராளமாக. ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து 2021 அக்டோபரில் ஏழு நிறுவனங்களாக்கினார்கள். வெடிமருந்துப் பிரிவு மியூனிஷன்ஸ் இந்தியா என்று புனேயிலிருந்து இயங்குகிறது. அவர்கள் போட்டித் தரத்தில் .22 செய்தால் முதல் கைதட்டல் என்னுடையது. ஒரே நிபந்தனை: ஒவ்வொரு லாட்டின் வேக வேறுபாடும் 50 மீட்டர் சிதறலும் பெட்டியிலேயே அச்சடிக்கப்பட வேண்டும். பெட்டியில் தேசியக்கொடி போட்டிருப்பது சிதறலைக் குறைக்காது.

கடைசி எதிர்வாதம்தான் கனமானது. "தோட்டா தாராளமாகக் கிடைத்தால் ஆபத்து இல்லையா?" உண்டு. துப்பாக்கி தாராளமாகப் புழங்கும் நாடுகளில் என்ன நடக்கிறது என்று நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இந்தியாவில் உரிமம் கடினமாக இருப்பதை நான் ஆதரிக்கிறேன். இன்னும் கடினமானாலும் எதிர்க்க மாட்டேன். ஆனால் பாதுகாப்பு என்பது தோட்டா எங்கே இருக்கிறது, யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அது எவ்வளவு நேராகப் பறக்கிறது என்பதைப் பொறுத்தது இல்லை. ஒரு குற்றவாளிக்கு 8 மில்லிமீட்டர் வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. அந்த 8 மில்லிமீட்டர் பொருட்படுவது உலகத்திலேயே ஒரே ஒரு வகை மனிதருக்குத்தான்: விளையாட்டு வீரருக்கு.

சொல்லப்போனால் மோசமான தோட்டாதான் ஆபத்து. ஊசி அடித்தும் வெடிக்காத தோட்டா, கொஞ்சம் தாமதித்து வெடிக்கும் தோட்டா, மருந்து போதாமல் குண்டைக் குழலின் நடுவிலேயே விட்டுவிடும் தோட்டா. மூன்றாவது நடந்ததைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், சில சமயம் பிளக்கும். பாதுகாப்பின் பேரில் நல்ல தோட்டாவை அரிதாக்கி வைத்துவிட்டு, ரேஞ்சில் பதினாறு வயதுப் பிள்ளைகளை இந்த மூன்றோடும் விட்டுவைப்பதை எந்தப் பாதுகாப்பில் சேர்ப்பது?

*

என்ன செய்யலாம்? புரட்சியெல்லாம் வேண்டாம். நான்கே விஷயம்.

ஒன்று, அளந்து வெளியிடுவது. நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சில பெட்டிகளை எடுத்து, இரும்புப் பிடியில் குழலைப் பொருத்திச் சுட்டு, வேகத்தையும் சிதறலையும் பதிவுசெய்து பொதுவில் வைக்க வேண்டும். தேசிய ரைஃபிள் சங்கம் மனம் வைத்தால் டெல்லி கர்ணி சிங் ரேஞ்சில் நாளைக்கே தொடங்கலாம். தேவை ஒரு வேகமானி, சில குழல்கள், ஒரு எக்செல் ஷீட். இதை நம் வெயிலில் செய்வது முக்கியம். வெப்பம் கூடினால் மருந்து எரியும் விதம் மாறும், குண்டின் மேலுள்ள மெழுகுப் பூச்சு இளகும். ஜெர்மனியின் குளிர்ந்த கூடத்தில் எடுத்த நற்சான்றிதழ் மே மாதத்து மதுரையில் செல்லுபடியாகுமா என்று சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இரண்டு, கூட்டாக வாங்குவது. தனி ஆள் லாட் பிடிக்க முடியாது, முப்பது பேர் சேர்ந்தால் முடியும். மாவட்ட மன்றங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே லாட்டில் மொத்தமாக வாங்கி ரேஞ்சின் ஆயுத அறையில் வைக்கட்டும். பிள்ளைகள் சுடும் அளவுக்குக் காசு கொடுக்கட்டும். தோட்டா வீட்டுக்கே போகாது, காலி கேஸை எண்ணிப் பார்க்கலாம். பாதுகாப்புக் கவலைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

மூன்று, அப்படி ரேஞ்சுக்குள்ளேயே வைத்து ரேஞ்சுக்குள்ளேயே தீர்க்கப்படும் தோட்டாவைத் தனிநபர் ஆண்டு வரம்பில் சேர்க்கக் கூடாது. வெளியே போகாத தோட்டாவுக்கு எதற்கு 5,000 என்கிற வேலி?

நான்கு, நடுப்படிக்கு முன்னுரிமை. இப்போது சலுகை போய்ச்சேருவது வந்து சேர்ந்தவர்களுக்கு. வந்துகொண்டிருப்பவர்களுக்குக் கொடுங்கள். மாநிலப் போட்டியில் இரண்டு வருடம் தொடர்ந்து புள்ளி ஏறியிருக்கிறதா? அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் நல்ல லாட் கொடுத்துப் பாருங்கள். இரைச்சல் நீங்கினால் சிதறல் சுருங்குகிறதா இல்லையா என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். சுருங்காவிட்டால் அப்போது சொல்லுங்கள், திறமை இல்லை என்று. அதற்கு முன்னால் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

இந்த நான்கில் எதற்கும் புதுச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. மூன்றாவதற்கு ஓர் அரசாணை, மற்றதற்கெல்லாம் ஒரு கூட்டத் தீர்மானம் போதும். ஆனாலும் நடக்காமல் இருப்பதற்குக் காரணம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். லாட் எண்ணும் சிதறலும் பொதுவில் வந்துவிட்டால், தேர்வுப் போட்டியில் யார் எந்தத் தோட்டாவோடு நின்றார் என்பதும் பொதுவில் வந்துவிடும். பிறகு ஒவ்வொரு தரவரிசைப் பட்டியலுக்கும் பக்கத்தில் இன்னொரு பத்தி தேவைப்படும். "திறமை" என்று இதுவரை ஒற்றைச் சொல்லில் அடைத்துவைத்திருந்ததில் எவ்வளவு விரல், எவ்வளவு பர்ஸ் என்று பிரித்துக் காட்டும் பத்தி. அதைப் பார்க்க எல்லோருக்கும் விருப்பம் இருக்காதுதான்.

நமக்கு இருக்கலாம். அடுத்த முறை யாராவது, எந்தத் துறையிலாவது, "திறமை இருந்தா எப்படியும் மேல வந்துடுவாங்க" என்று சொன்னால், கோபப்பட வேண்டாம். எந்த லாட் என்று மட்டும் கேளுங்கள்.